கையெழுத்துப் போட்டாச்சு, கட்டுப்படுத்துமா?

போன ஆடி மாதம் எங்கள் அக்கா மகன் ஒரு காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தான். கோவை கணபதி பக்கம் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் என்ஜினியர் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் சுமார்தான், ஆனால் முதல் வேலை. பதினொரு பக்கத்தில் ஆர்டரும், ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் ஒப்பந்தமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க மாமா, வேலைய விட்டதுக்கப்புறம் ரெண்டு வருசம் வேற எந்தப் பம்பு கம்பெனிக்கும் போகக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க. கோயமுத்தூர்ல பம்பு கம்பெனிய விட்டா நான் எங்கீங்க போறது?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அந்த வரி செல்லாது. வேலையை விட்டு வெளியே வந்தபின் இன்ன தொழில் செய்யக் கூடாது, இன்ன கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒருவரை எழுதி வாங்கி நிறுத்த முடியாது. அவர் ஹெல்ப்பராக இருந்தாலும் ஜெனரல் மேனேஜராக இருந்தாலும் இதே சட்டம்தான். ஆனால் அதே காகிதக் கட்டுக்குள் வேறு நான்கைந்து வரிகளும் இருந்தன. அவற்றில் சில செல்லும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் இங்கே நிறையப் பிள்ளைகள் பயந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சிலர், எதுவும் ஆகாது என்று நம்பிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆவது பிரிவு மிகச் சின்னது. சட்டம் அனுமதிக்கும் எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது. அவ்வளவுதான். 'அந்தத் தடையின் அளவுக்கு' என்பதைக் கவனிக்க வேண்டும். தடை போடும் வரி மட்டுமே உதிரும். சம்பளம், நோட்டீஸ், ரகசியம் பற்றிய மற்ற வரிகள் அப்படியே நிற்கும்.

இந்தச் சின்னப் பிரிவு நம்மிடம் வந்துசேர்ந்த கதை கொஞ்சம் நீளம். இங்கிலாந்தில் 1414ஆம் ஆண்டு ஒரு சாயக்காரர் மேல் வழக்கு வந்தது. ஊரில் ஆறு மாதம் சாயத் தொழில் செய்வதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். நீதிபதிக்கு வந்த கோபம் எழுதிக் கொடுத்தவர் மேல் இல்லை, எழுதி வாங்கியவர் மேல். அந்த ஆள் மட்டும் இங்கே இருந்தால், அரசருக்கு அபராதம் கட்டும்வரை ஜெயிலில் கிடப்பார் என்று சொன்னார். ஈரோட்டிலும் திருப்பூரிலும் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்கிச் சொல்லவே தேவையிருக்காது. கைத்தொழில் ஒன்றுதான் சொத்து என்று இருக்கிறவனை ஆறு மாதம் சும்மா உட்கார வைத்தால் அவன் குடும்பம் எப்படிச் சாப்பிடும்?

பிறகு இங்கிலாந்து மெல்ல இளகியது. 1711இல் ஒரு பேக்கரி வழக்கிலும் 1894இல் ஒரு துப்பாக்கி வியாபாரியின் வழக்கிலும், காலமும் இடமும் நியாயமாக இருந்தால் தடை செல்லும் என்ற நிலைக்கு வந்தார்கள். இன்றைக்கும் அங்கே நியாயமா இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். அமெரிக்காவிலோ, டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காக எழுதிய சிவில் சட்ட வரைவில் பழைய கண்டிப்பையே வைத்திருந்தார். நியூயார்க் அந்த வரைவை ஏற்கவில்லை. கலிபோர்னியா 1872இல் ஏற்றுக்கொண்டது. அதே 1872இல் நம் ஒப்பந்தச் சட்டமும் வந்தது. 27ஆவது பிரிவை அதே ஃபீல்டின் வரைவிலிருந்துதான் எடுத்தார்கள்.

கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கும் நம் ஊர்ப் பட்டறைகளும் ஒரே வேரிலிருந்து வந்த சட்டத்தின் கீழ் வளர்ந்தவை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அங்கே 1957இல் எட்டுப் பேர் ஒரு கம்பெனியிலிருந்து சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர் 1968இல் அதையும் விட்டு இன்டெல்லைத் தொடங்கினார்கள். வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற 'போட்டித் தடை' செல்லும் மாநிலமாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கிளம்பியிருக்க முடியாது.

இந்தியாவில் இந்தப் பிரிவு சோதனைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரே வட்டாரத்தில் இரண்டு கடைக்காரர்கள். 'நீ கடையை மூடு, உன் ஆட்களுக்கு நீ கொடுத்திருக்கும் அட்வான்ஸ் பணத்தை நான் தந்துவிடுகிறேன்' என்றார் ஒருவர். மற்றவர் மூடினார். பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். ஒரு பகுதியில் மட்டும்தானே தடை, முழுத் தடை இல்லையே என்று வாதம் வைத்தார்கள். தலைமை நீதிபதி கௌச் ஏற்கவில்லை. பகுதித் தடையும் தடைதான், ஒப்பந்தம் செல்லாது என்றார். நியாயமான தடைகளையாவது அனுமதிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958இல் பரிந்துரை செய்து பார்த்தது. நாடாளுமன்றம் இன்றுவரை அந்தப் பிரிவைத் தொடவில்லை.

தொடாமல் விட்டது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் அப்பா பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டர்னராக இருந்தவர். பத்து வருடம் கழித்து வெளியே வந்து, ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு பட்டறை ஆரம்பித்தார். முதல் ஜாப் ஒர்க் கொடுத்தது யார் தெரியுமா? விட்டுவந்த அதே முதலாளிதான். "என்ர கிட்டத் தொழில் கத்துக்கிட்டவன், அளவு தப்ப மாட்டான்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தன. மில் மிஷின்களைப் பழுது பார்த்தவர்கள் பவுண்டரி போட்டார்கள். பவுண்டரியில் இருந்தவர்கள் மோட்டார், பம்பு என்று போனார்கள். 1955இல் சபாபதி வெட் கிரைண்டர் செய்தார். அந்தத் தொழில் ஒரு பட்டறையிலேயே நின்றிருந்தால் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. திருப்பூரில் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் இருந்தவர்கள் நாலு தையல் மிஷினை வாடகைக்கு எடுத்து 'பவர் டேபிள்' என்ற சின்னத் தையல் யூனிட் போட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்று எக்ஸ்போர்ட்டர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் கரூர் பஸ் பாடிப் பட்டறைகளிலும் இதே கதை. இந்த ஊர்களில் இன்று முதலாளியாக இருப்பவர்கள் பலரும், அவர்களே இல்லாவிட்டால் அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ, ஒருநாள் ஒரு வேலையை விட்டு வெளியே வந்தவர்கள்தாம். அவர்களுடைய அலுவலகத்திலிருந்தே இப்படி ஒரு தாள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, எது செல்லும் என்பதற்கு வருவோம்.

வேலையில் இருக்கும்போது போடும் தடை செல்லும். ஓரிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே சாயங்காலம் எதிராளி கம்பெனிக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கக் கூடாது என்றால் அது நியாயம்தான். இதில் பெரிய வழக்கு 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஸ்பின்னிங் கம்பெனி வழக்கு. கல்யாணில் டயர் கார்டு நூல் ஆலை தொடங்க அந்தக் கம்பெனி ஹாலந்துக் கம்பெனி ஒன்றிடம் தொழில்நுட்பம் வாங்கியது. ரகசியம் காப்பதாக அவர்களிடம் உறுதி கொடுத்திருந்தது. ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்த ஒரு ஷிப்ட் சூப்பர்வைசருக்குப் பயிற்சியும் கொடுத்தது. அவர் இரண்டு வருடம்கூட முடிவதற்குள் கோட்டாவில் இருந்த ரேயான் கம்பெனிக்குப் போய்விட்டார். மீதியுள்ள காலத்துக்கு, அதாவது 1968 மார்ச் வரை, அதே மாதிரி வேலையை வேறிடத்தில் செய்யக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் உறுதிசெய்தது. முதலாளிகளின் வக்கீல்கள் நோட்டீஸில் இந்தத் தீர்ப்பைத்தான் அடிக்கடி காட்டுவார்கள். அங்கே தடை ஓடியது ஒப்பந்தக் காலம் முடியும்வரை மட்டுமே. ஐந்து வருடம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட காலத்துக்குள்தான் அது அடங்கியது. முடிந்த பிறகும் துரத்தும் தடைக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்காது.

1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கு வந்தது. வேலையை விட்டபின் இரண்டு வருடம் போட்டித் தொழில் கூடாது என்று நிபந்தனை. ஆனால் அந்த மேனேஜர் தானாக விடவில்லை, கம்பெனிதான் நீக்கியது. 'விட்டுப் போனால்' என்ற சொல் நீக்கப்பட்டவரைக் குறிக்காது என்று சொல்லியே இரண்டு நீதிபதிகள் கம்பெனியின் கோரிக்கையை மறுத்தார்கள். மூன்றாவது நீதிபதி ஏ.பி. சென் தனியாக எழுதினார்: வேலை முடிந்தபின் போடும் தடை 27ஆவது பிரிவின்படி செல்லாது, அது நியாயமான தடையா என்று பார்க்கும் பேச்சுக்கே இங்கே இடமில்லை. 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் போனது. அவருடைய விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த ஏஜென்சியோடு போட்ட மூன்று வருட ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு ஏஜென்சி கொடுக்கும் வாய்ப்பைப் பழைய ஏஜென்சியிடம் காட்டிவிட்டுத்தான் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றார்கள்.

சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் கொடுக்கும் ஒப்பந்தங்களில் 'நியாயமான கால அளவு, நியாயமான எல்லை' என்றெல்லாம் நீளமாக எழுதியிருக்கும். படித்தவர்களே அதைப் பார்த்து மிரளுகிறார்கள். இங்கிலாந்திலோ, அந்தத் தடையை ஏற்கும் அமெரிக்க மாநிலங்களிலோ அந்தச் சொற்களுக்கு அர்த்தம் உண்டு. இங்கே வேலைக்காரருக்கு எதிராக அவற்றுக்குப் பலமில்லை.

பாண்டு வேறு விஷயம். இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எழுதுவது 27ஆவது பிரிவில் அடிபடாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மூன்று வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் ரூபாய் என்பது நிபந்தனை. 2007இல் சேர்ந்த அதிகாரி 2009இல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்குப் போட்டார். அந்த நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், போனால் பணம் கட்ட வேண்டும் என்பதால் இது தொழில் தடை ஆகாது. ஒரு பொதுத்துறை வங்கி ஓர் இடத்தை நிரப்ப விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி, செலவழித்துத்தான் ஆள் எடுக்க முடியும் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு, மூன்று நாள் 'இண்டக்ஷன்' நடத்திவிட்டு 5 லட்சம் கேட்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். கம்பெனி உண்மையில் என்ன செலவு செய்தது, என்ன பயிற்சி கொடுத்தது, ஆள் போனதால் என்ன நஷ்டம் என்ற கேள்வி வரும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் சேரும் ஆசிரியர்களும், தனியார் ஆஸ்பத்திரிகளில் சேரும் நர்ஸ்களும் கையெழுத்துப் போடும்முன் பார்க்க வேண்டியது அந்தத் தொகையை. அப்புறம், எந்த ஊர்க் கோர்ட்டு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கு மும்பையில்தான் நடக்கும் என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது செல்லும் என்று எச்.டி.எஃப்.சி. வங்கி வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்திருக்கிறது. கோவையில் வேலை பார்த்தவர் வாய்தாவுக்கு ரயில் ஏறிப் போவதென்றால் அதுவே பாதித் தோல்வி.

ரகசியம் பற்றிய வரியும் செல்லும், வேலையை விட்ட பிறகும் செல்லும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரகசியத்துக்கும் திறமைக்கும் நடுவே கோடு போடுவதில். ஒரு சாய மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். எந்தத் துணிக்கு எந்தச் சூட்டில் சாயம் பிடிக்கும், எப்போது உப்புப் போட வேண்டும், ஷேடு தப்பினால் எப்படித் திருத்துவது என்பதெல்லாம் இருபது வருடத்தில் அவர் கையில் ஏறியது. அதை அவர் எங்கேயும் கொண்டுபோகலாம். சரக்கு வாங்கும் ஒரு குறிப்பிட்ட பையருக்காக லேபில் பல மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்து, பூட்டி வைத்த ரெசிபி கம்பெனியுடையது. மெர்ச்சன்டைசருக்கு பையரோடு பேசத் தெரிந்திருப்பது திறமை. காஸ்டிங் ஷீட்டைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவது திருட்டு. அனுமதியில்லாமல் டேட்டாவைப் படியெடுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பாயும். கிளம்பும் வாரத்தில் ஆபீஸ் மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்கு ஃபைல் அனுப்பாதே என்று அக்கா மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். போட்டித் தடை வரி செல்லாவிட்டாலும், அந்த ஒரு மெயில் போதும், தடையுத்தரவு வாங்கிவிடலாம். வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒரு வரைவைக் கொடுத்திருக்கிறது. அது சட்டமாகும்வரை பொதுவான ஒப்பந்தச் சட்டமும் நீதிமன்றங்களின் நியாய உணர்வும்தான் துணை.

போட்டித் தடை உண்மையாகவே பலத்தோடு நிற்கும் இடம் ஒன்று உண்டு. தொழிலையே விற்கும்போது. கோவை ஒப்பணக்கார வீதியில் பேர் போன ஜவுளிக்கடையை அந்தப் பேரோடு சேர்த்து விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் நல்ல விலை கொடுத்தது அந்தப் பேருக்காக. அடுத்த மாதமே பக்கத்து வீதியில் நாம் புதுக்கடை திறந்தால் அவர் வாங்கியதில் என்ன மிச்சம்? அதனால் எல்லை நியாயமாக இருந்தால் அந்தத் தடை செல்லும் என்று 27ஆவது பிரிவே விலக்குக் கொடுக்கிறது. 1932ஆம் ஆண்டின் பங்காண்மைச் சட்டமும் விலகும் பங்குதாரர் மேல் நியாயமான தடை போட அனுமதிக்கிறது. அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள் நிறைந்த ஊர் இது. பாகம் பிரியும்போது உருவாகும் தாளை, வேலைக்காரர் கையெழுத்திடும் தாள் மாதிரி செல்லாக்காசு என்று நினைத்து அசட்டையாகக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

செல்லாத வரியை ஏன் இன்னும் எழுதுகிறார்கள்? பயம் வேலை செய்கிறது, அதனால்தான். கோர்ட்டுக்குப் போகாமலே ஆளை நிறுத்த வழிகள் இருக்கின்றன. ரிலீவிங் லெட்டர் கொடுக்காமல் இழுப்பது, கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவது, புதுக் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது, இல்லாவிட்டால் முதலாளிக்கு முதலாளி ஒரு போன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க உரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் செக். பாண்டு வழக்கு வருடக்கணக்கில் ஓடும். செக் திரும்பினால் கிரிமினல் கேஸ், அதிலும் கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில்.

என்ஜினியர்களும் மேனேஜர்களும் இப்படிப் பயப்படுவதைப் பற்றிப் பேசும்போது, பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப் பட்டறைகளை மறந்துவிட முடியாது. அங்கே ஒப்பந்தத் தாளே கிடையாது. ஒரு கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கிய அட்வான்ஸ் இருக்கும். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. அடுத்த பட்டறைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டினால் போகலாம், கடன் அப்படியே புது முதலாளியிடம் மாறும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படித்தால் அதிர்ச்சியாக இருக்கும். முன்பணத்துக்காக, வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழப்பதையும் அந்தச் சட்டம் கொத்தடிமை முறையின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட கடனையே அது ரத்து செய்கிறது. மேனேஜருக்கு 27ஆவது பிரிவு எந்தச் சுதந்திரத்தைக் காக்கிறதோ, அதே சுதந்திரத்தைத்தான் தறிக்காரருக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆனால் தறிக்காரர் எந்த வக்கீலிடம் போவார்?

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு பையனை எடுத்து, இரண்டு வருடம் தப்புச் செய்யவிட்டு, மெட்டீரியலை வீணாக்கவிட்டு ஆளாக்கினால், அடுத்த தெருவில் 3,000 ரூபாய் கூடக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வயிறு எரியத்தான் செய்யும். அதற்கு வழியும் இருக்கிறது. புது டிசைனை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாம், பத்து வருடம் பாதுகாப்பு, மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். நோட்டீஸ் காலத்தை நீளமாக வைத்து, அந்த மாதங்களுக்குச் சம்பளமும் கொடுத்து, ஆளை ரகசிய வேலையிலிருந்து நகர்த்தி வைக்கலாம். உண்மையில் செலவான பயிற்சிப் பணத்துக்குக் கணக்கு வைத்து, மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாண்டு போடலாம். இவை எல்லாம் கோர்ட்டில் நிற்கும். சம்பளத்தைக் கூட்டுவதும் ஒரு வழி. எங்கள் அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் அதனால்தான் இருபத்திரண்டு வருடம் இருந்தார். அவரிடம் நாங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கியதில்லை.

அக்கா மகன் மறுநாள் கம்பெனிக்குப் போய் மூன்று விஷயம் கேட்டான். இரண்டு வருடத் தடையை எடுக்க முடியாது, எல்லோருக்கும் ஒரே ஃபார்மட் என்றார்கள். பாண்டுத் தொகையை மாதக் கணக்கில் குறைத்து எழுதச் சம்மதித்தார்கள். செக் கொடுக்க மாட்டேன் என்றதற்கு முகம் சுளித்தார்கள், ஆனால் வற்புறுத்தவில்லை. ஒப்பந்தத்தின் நகலைத் தரும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார்கள். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறனுங்க" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் அந்த ஸ்டாம்ப் பேப்பரையும் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டான். பிறகுதான் பேனாவை எடுத்தான்.